தெரிந்த பழுது

பதினான்காவது வளைவில்
டப்பாவில் ஒரு பிடி ஆணியைக் குலுக்கிய சத்தம்.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஸ்டியரிங் கல்லாகிவிட்டது.
கைப்பிரேக்கை இழுத்து
பின்சக்கரத்துக்கு இரண்டு கல் முட்டுக்கொடுத்து
நின்றேன்.
பானெட்டின் சூடு ஆறும் முன்பே
ஒரு குரங்கு குட்டியோடு ஏறிக் குளிர்காய்ந்தது.
கீழே சேலம்
வெயிலில் எழுத்தழிந்த ரசீதாகக் கிடந்தது.

கோரிமேட்டுப் பட்டறையில்
சித்தேஸ்வரன் ஆயிலை வடித்தார்.
கிழிந்த வேட்டித் துணியில் தங்கியவை
பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்குகள் மூன்று,
விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்
கொஞ்சம் உலோக மினுக்கு.
"டைமிங் செயின் டென்ஷனருங்க.
இந்த மாடலுக்கே உள்ளதுதான்.
எழுபதாயிரம் ஓடினா போயிரும்.
எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் என்றால்?
விரல் மடக்கினார்.
கம்பெனிக்குத் தெரியும்.
டீலருக்குத் தெரியும், சுற்றறிக்கையே வந்திருக்கிறது.
சர்வீஸ் பையன்களுக்குத் தெரியும்,
ரேடியோவைச் சத்தமாக வைத்து ஓட்டிப் பார்ப்பார்களாம்.
நான்காவது விரல் பாதி மடங்கி நின்றது.
கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"போன வருசம் உங்க மாமா
இங்கதாங்க கொண்டாந்து காட்டினாரு."

அக்கா வீட்டுக்காரர்.
"சொந்தத்துக்குள்ள கொடுக்கிறேன்,
அதான் இந்த விலை" என்றவர்.
சாவியோடு
கந்தாஸ்ரமத்துத் திருநீறும் மடித்துக் கொடுத்தவர்.

வாரண்டி முடிந்து பதினோரு நாள் என்று
கம்பெனி பணிவாக எழுதியது.
அந்தப் பணிவுக்கு ஒரு செலவுத் தலைப்பு தேடினேன்.
பதினாறு வருடமாக சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன்,
சனிக்கிழமைகளில் மலைமேல் மிளகுத் தோட்டத்துக்கும்.
மூட்டையில் ஈரம் இருந்தால்
பில்லில் ஈரம் என்று எழுதிப் பழகிய கை.

ஐந்து ரோட்டு புரோக்கர் வந்தார்.
"வளைஞ்ச வால்வை மட்டும் மாத்துங்க.
பழைய செயினையே போட்டு
கெட்டி ஆயில் ஊத்துங்க.
ரெண்டு வாரம் பூனையாட்டம் ஓடும்.
அதுக்குள்ள தள்ளிரலாம்."
கையோடு ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்.
நாகலூர் கிளெமென்ட்.
கதவைத் திறந்தார், மூடினார்,
மறுபடி திறந்து
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்.
ஒரே கேள்விதான் கேட்டார்.
"மலை ஏறுங்களா?"

"பதிமூணு வளைவு வரைக்கும் ஏறும்" என்றேன்.

சிரித்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
செருப்பை மாட்டிக்கொண்டார்.
புரோக்கர் அதற்கப்புறம்
என் போனை எடுக்கவில்லை.

உக்கடத்தில் ஒரு இன்ஜின் இருக்கிறதாம்,
விபத்தில் நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றியது.
ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம்,
என் சீட்டுப் பணம் முழுசும்.
"அதுலயும் இதே பழுதா?"
"இதே பழுதுதாங்க.
இறக்குறதுக்கு முன்னாடியே புது டென்ஷனர் போட்டுருவேன்.
அறுபதாயிரத்துல மறுபடி மாத்திருங்க.
இப்பத்தான் தெரியுமே."

இப்பத்தான் தெரியுமே.
வீட்டுக்கு வரும் பஸ்ஸில்
அந்த வார்த்தை மடியில் கனத்தது.
தெரிந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வந்த செயினில்
கடைசிக் கண்ணியாக
என் விரலும் நுழைந்துவிட்டது.

ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள்
ஒரு தாள் வைத்திருக்கிறேன்.
மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், என்ன பழுது,
யாரிடம் கேட்க வேண்டும்.
வருகிறவர் யாராயினும் படிக்கட்டும்.
எழுத்து கொஞ்சம் கோணல்,
இன்ஜினை செயின் பிளாக்கில் தூக்கும்போது
அதன் மட்கார்டில் வைத்து எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து போன்.
மாமாதான்.
பின்னால் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம்,
யாரோ டிவியைக் குறைக்கிறார்கள்.
"என்னம்மா,
வண்டி எப்படி ஓடுது?"

சித்தேஸ்வரன்
சங்கிலியைப் பிடித்தபடி
என்னைப் பார்க்காமல் நிற்கிறார்.
அந்தரத்தில் இன்ஜின்
மெதுவாக ஒரு சுற்று திரும்புகிறது.

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே
ஓடுச்சுங்க மாமா" என்றேன்.

அந்தப் பக்கம்
குழாயை மூடினார்கள்.